பக்கவாதத்துக்குப் பிறகு: நாற்காலியில் இருந்து எழுவதும் உடற்பயிற்சிதான்

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு வயது 62. பக்கவாதம் வந்து, மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வலது கையும் வலது காலும் பலவீனமாக இருக்கின்றன. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. வீட்டில் எல்லோரும் அவரைத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறார்கள்.

"ஏங்க, நீங்க எழுந்திரிக்க வேண்டாம், தண்ணி நான் கொண்டு வர்றேன்" என்கிறார் மனைவி. "அப்பா, கையைக் குடுங்க, சட்டையை நானே போட்டு விடறேன்" என்கிறார் மகன். பேரன் ரிமோட்டைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். காலையில் இருந்து இரவு வரை அவர் கட்டிலில் இருந்து நாற்காலிக்கும், நாற்காலியில் இருந்து கட்டிலுக்கும் மாறியதுதான் மொத்த நடமாட்டம்.

இந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் இப்படியே போனால், பக்கவாதம் விட்டுவைத்த பலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். அதைத் தடுப்பது எப்படி, கை கால் முழுதாக ஒத்துழைக்காதபோதும் உடலை எப்படிப் பாதுகாப்பாக இயக்கத்தில் வைத்திருப்பது, அதற்கு நம் கையில் இருக்கும் போனும் அரசு சேவைகளும் எப்படி உதவும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஓய்வு எடுத்தால் சரியாகிவிடாதா?

"நல்லா ரெஸ்ட் எடுங்க, தானா சரியாயிடும்" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பக்கவாதத்தில் இது பாதி மட்டுமே உண்மை. தூக்கமும் ஓய்வும் தேவைதான். ஆனால் நாள் முழுக்க அசையாமல் இருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், மலச்சிக்கல் வரும். படுத்தே இருப்பவருக்குப் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டு போன்ற தொல்லைகளும் சேரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கவாதத்தில் கெட்டது பெரும்பாலும் கையோ காலோ அல்ல, அவற்றை இயக்கும் மூளைப் பகுதி. மேம்பால வேலை நடக்கும்போது பேருந்து வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறதல்லவா? அதுபோல மூளையும் மாற்றுப் பாதைகளைப் பழகிக்கொள்ளும் திறன் உடையது. ஆனால் அந்தப் பாதை பழக வேண்டுமானால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக "ஆறு மாசம் ஆயிடுச்சு, இனிமே ஒண்ணும் நடக்காது" என்று விட்டுவிடவும் வேண்டாம். பழகப் பழக, ஓராண்டு கடந்த பிறகும் முன்னேற்றம் காண்பவர்கள் உண்டு.

பக்கவாதம் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை மூன்றையும் கட்டுக்குள் வைக்க உடல் இயக்கம் துணை செய்கிறது. மாத்திரையும் இயக்கமும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

எவ்வளவு செய்ய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடல் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடல் இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. இதைப் படித்ததும் மலைக்க வேண்டாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். காலையில் ஐந்து, மதியத்துக்கு முன் ஐந்து, மாலையில் ஐந்து. உடல் பழகியதும் ஒவ்வொரு வேளையிலும் ஓரிரு நிமிடம் கூட்டலாம். விழித்திருக்கும் நேரத்தில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காராமல், அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை எழுவதோ, எழ முடியாதவர் உட்கார்ந்தபடியே கை காலை அசைப்பதோ அவசியம்.

அளவாகத்தான் செய்கிறோமா என்று அறிய ஓர் எளிய வழி: பயிற்சியின்போது பேச முடியணும், ஆனால் பாட முடியக்கூடாது. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். பேச்சு பாதிக்கப்பட்டவராக இருந்தால் அவருடைய மூச்சையும் முகத்தையும் பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டும். நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் துடிப்பைக் குறைத்தே காட்டும்.

தொடங்கும் முன்

மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ, அதாவது பிசியோதெரபிஸ்டிடமோ, ஐந்து கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். ரத்த அழுத்தம் எந்த அளவுக்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி செய்யக்கூடாது? தனியாக நிற்கலாமா, ஆள் துணை வேண்டுமா? தோள்பட்டை மூட்டு இறங்கியிருக்கிறதா? கோல், வாக்கர், கணுக்கால் பட்டை ஏதாவது தேவையா? எந்த அசைவைச் செய்யக்கூடாது? பதில்களைப் போனில் எழுதியோ பேசியோ பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பயிற்சிகள் பொதுவானவை. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு எது பொருந்தும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

படுக்கையில்

எழுந்து உட்கார முடியாதவரும் தொடங்கக்கூடியவை இவை.

1. கணுக்கால் அசைவு: பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி, பிறகு நீட்டவும். பாதித்த கால் தானாக அசையாவிட்டால் வீட்டில் ஒருவர் மெதுவாக அசைத்துக் கொடுக்கலாம். அப்போதும் "நீங்களும் மடக்கப் பாருங்க" என்று சொல்லுங்கள். அவர் மனதால் முயல்வதும் பயிற்சியில் சேர்த்திதான்.

2. இடுப்பு தூக்குதல்: மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களைப் படுக்கையில் ஊன்றி, இடுப்பைச் சற்றே தூக்கி, மூன்று எண்ணி இறக்கவும். பாதித்த கால் வழுக்கினால் ஒருவர் பாதத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

3. பக்கம் திரும்புதல்: நல்ல கையால் பாதித்த கையைக் கோர்த்துப் பிடித்து, இரண்டு கையையும் ஒரே பக்கமாகக் கொண்டுபோய் உடலைத் திருப்பவும்.

எதைச் செய்யும்போதும் மூச்சை அடக்கக்கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகவே சீராக இருக்கும்.

நாற்காலியில்

நாற்காலி கைப்பிடி உள்ளதாக, கனமானதாக இருக்கட்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கிவிடும், வேண்டாம். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் படியும்படி உட்கார வேண்டும்.

1. உட்கார்ந்தபடி நடை: ஒரு காலை மாற்றி ஒரு காலாக முழங்காலை உயர்த்தி இறக்கவும். பத்து முறை போதும்.

2. முழங்கால் நீட்டல்: ஒரு காலை முன்னால் நீட்டி, மூன்று எண்ணி, மெதுவாக மடக்கவும்.

3. மேசையில் துண்டு தள்ளுதல்: மேசை மேல் ஒரு துண்டை விரித்து, இரண்டு கையையும் கோர்த்து அதன் மேல் வைத்து, முன்னால் தள்ளி, பின்னால் இழுக்கவும். தோளுக்கும் முழங்கைக்கும் இது நல்ல பயிற்சி. மேசையும் துடைத்தது போல் ஆயிற்று.

4. எழுந்து உட்காருதல்: எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதத்தையும் சற்றுப் பின்னால் இழுத்து, உடலை முன்னால் சாய்க்கவும். மூக்கு கால் கட்டை விரலுக்கு நேராக வரும் அளவு சாய்ந்த பிறகு எழவும். நின்று மூன்று எண்ணி, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காரவும். முழு எடையையும் நல்ல காலிலேயே போடாமல், பாதித்த காலிலும் கொஞ்சம் ஊன்ற முயலவும். முதலில் மூன்று முறை, பிறகு ஐந்து, பிறகு பத்து என்று கூட்டலாம்.

கழிப்பறைக்குப் போவதும், வண்டியில் ஏறுவதும், விருந்தாளி வந்தால் எழுந்து வணக்கம் சொல்வதும் இந்த ஒரு அசைவில்தான் அடங்கியிருக்கின்றன.

நிற்கும்போதும் நடக்கும்போதும்

அசையாத சமையல் மேடையையோ ஜன்னல் கம்பியையோ பிடித்தபடி நின்று, எடையை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றிப் போடலாம். பிறகு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும்.

கோல் வைத்திருப்பவர் அதை நல்ல கையில் பிடிக்க வேண்டும். பாதித்த காலோடு சேர்ந்து கோல் முன்னால் போகும். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதித்த கால் முதலில்.

காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம். பாதித்த பாதத்தில் இருந்து அது கழன்றுவிடும். பின்பக்கம் வார் உள்ள செருப்போ, வழுக்காத ஷூவோ நல்லது. வேட்டி, லுங்கி, சேலை எதுவானாலும் கரை காலில் மாட்டாத உயரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். நடைபாதையில் கிடக்கும் மிதியடி, சார்ஜர் வயர், ஈரத்தரை, இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். நிலைப்படி உயரமாக இருந்தால் அதன் மேல் பளிச்சென்ற நிறத்தில் ஒரு டேப் ஒட்டினால் கண்ணில் படும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

காலையில் படுக்கையை விட்டுச் சட்டென்று எழ வேண்டாம். கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகே நிற்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க

முதலில், பாதித்த கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இது. தசை தளர்ந்திருக்கும்போது தோள் மூட்டு பிடிமானம் இல்லாமல் இருக்கும். அக்குளில் கை கொடுத்தோ கையை இழுத்தோ தூக்கினால் மூட்டு விலகி, மாதக்கணக்கில் வலி இருக்கும். எழுப்பும்போது அவருடைய பாதித்த பக்கத்தில் நின்று, இடுப்பைப் பிடியுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தால் பிடிக்க வசதி.

இரண்டாவது, கயிறு கட்டிக் கையை மேலே இழுக்கும் பயிற்சியை நீங்களாகத் தொடங்காதீர்கள். தோளுக்கு அதனால் கேடு வரலாம். அதேபோல் "பந்தை அமுக்கிட்டே இருங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகியிருப்பவருக்குத் தேவை அமுக்குவதைவிட விரல்களை விரிப்பது. எது சரி என்று சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். இதுதான் கஷ்டம். சட்டை போட நமக்கு ஒரு நிமிடம், அவருக்குப் பத்து நிமிடம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்கு வேதனையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவருக்குப் பயிற்சி. பாதித்த கையை முதலில் சட்டைக்குள் விடச் சொல்லுங்கள், வேலை எளிதாகும். கழற்றும்போது நல்ல கை முதலில்.

வீட்டு வேலையில் பங்கு கொடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாமே உடல் இயக்கம்தான். பாதித்த கை வேலை செய்யாவிட்டாலும், மேசை மேல் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். தட்டையோ துணியையோ அழுத்திப் பிடிக்க உதவட்டும். ஆனால் அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்ப் பை பக்கம் விட வேண்டாம். சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும்.

நம் கதையின் அம்மா நாளைக்கு ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். தண்ணீர் சொம்பை அவர் கையில் கொடுக்காமல், நாலடி தள்ளி இருக்கும் மேசையில் வைத்து, "வாங்க, நான் கூடவே நிக்கறேன்" என்று சொல்லலாம்.

போன் எப்படி உதவும்?

* இயன்முறை சிகிச்சையாளர் பயிற்சி சொல்லித் தரும்போது, அவர் அனுமதியோடு வீடியோ எடுத்து வையுங்கள். வீட்டில் அதைப் பார்த்தே செய்யலாம். "பத்து நாளில் முழு குணம்" என்று வரும் வீடியோக்களை நம்பிப் புதுப் பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம்.

* முக்கால் மணிக்கு ஒருமுறை அலாரம் வையுங்கள். அலாரம் அடித்தால் எழுந்து உட்காருதல் மூன்று முறை என்று பழக்கப்படுத்துங்கள். மாத்திரைக்கும் தனி அலாரம் இருக்கட்டும்.

* மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நாற்காலியில் இருந்து அவர் எழுவதையும் நடப்பதையும் படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும்.

* போனில் உள்ள நடை எண்ணிக்கை, மெதுவாக நடப்பவருக்குச் சரியாக எண்ணாது. குறைவாகக் காட்டினால் மனம் தளர வேண்டாம். எத்தனை நிமிடம் நடந்தார் என்பதைக் காலண்டரில் குறித்தாலே போதும்.

* அவசரத் தொடர்பு எண்ணையும், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதையும், பூட்டிய திரையிலேயே பார்க்க முடிகிறபடி போன் அமைப்புகளில் பதிந்து வையுங்கள்.

* நடக்கும்போது போன் பார்க்கக்கூடாது. அழைப்பு வந்தால் நின்று, உட்கார்ந்த பிறகு எடுக்கலாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சு வலி, தலைசுற்றல், அளவுக்கு மீறிய மூச்சுத் திணறல், படபடப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்காரவும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ தணியவில்லை என்றால் 108-ஐ அழைக்கவும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம்.

ஒரு கால் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென்று மேலும் தளர்தல், பேச்சு புதிதாகக் குழறுதல், பார்வை மங்குதல், நிலை தடுமாறுதல் இவை மறுபடியும் பக்கவாதம் வருவதன் அறிகுறிகள். "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விழுங்குவதில் சிரமம் இருக்கலாம் என்பதால் வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

"அவருக்கு மனசே இல்லைங்க"

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு எழாமல், யாரிடமும் பேசாமல், சாப்பாட்டில் விருப்பம் இல்லாமல் இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்றோ பிடிவாதம் என்றோ நினைத்துத் திட்ட வேண்டாம். அதற்குச் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் கட்டணம் இல்லாமல் மனநல ஆலோசனை பெறலாம். கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் களைத்துப் போனால் அதே எண்ணை அழைக்கலாம்.

உங்களுக்கான சேவைகள்

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடமோ, தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ "வீட்டில் பக்கவாத நோயாளி இருக்கிறார், பிசியோதெரபி வேண்டும்" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பும்போது தந்த சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

104: மருத்துவத் தகவல், ஆலோசனைக்கான தொலைபேசி சேவை.

இ-சஞ்சீவனி: வீட்டில் இருந்தபடியே வீடியோ வழியாக மருத்துவரிடம் ஆலோசனை பெறும் அரசுச் சேவை. அடிக்கடி பயணம் செய்ய முடியாதவர்களுக்கு உதவும். அவசர நிலைக்கு இது அல்ல, 108 மட்டுமே.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை: பக்கவாதத்தால் கை கால் இயக்கம் நிரந்தரமாகக் குறைந்தவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் போனிலேயே பதிவு செய்ய முடியும். அதன் பிறகு அரசு மருத்துவர் குறைபாட்டின் அளவை மதிப்பிடுவார். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படியான பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்ற சான்று தேவை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற உபகரணங்களுக்கு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

இன்றைக்கே செய்ய மூன்று வேலைகள்

ஒன்று, வீட்டில் கனமான, கைப்பிடி உள்ள ஒரு நாற்காலியைத் தேடி எடுத்துச் சுவரோரம் போடுங்கள். இரண்டு, போனில் முக்கால் மணி அலாரத்தை வையுங்கள். மூன்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் இயன்முறை சிகிச்சைக்குப் பெயர் கொடுங்கள்.

அவரிடமும் கேளுங்கள்: "அப்பா, முதல்ல எதை நீங்களாவே செய்யணும்னு தோணுது?" வாசல் திண்ணை வரை நடப்பதாக இருக்கலாம், சட்டைப் பொத்தானைத் தானே போடுவதாக இருக்கலாம். அவர் சொல்வதையே முதல் இலக்காக வைத்துத் தொடங்குங்கள்.